பிஎச் பேப்பர் சொல்லாதத டைட்ரேஷன் சொல்லும்: ஆசிட் எவ்ளோ இருக்குன்னு எண்ணிப் பாக்குற வேலை

ஊறுகாய் போடுற ஒரு கம்பெனியோட லேப்ல நான் கொஞ்ச வருஷம் வேலை பாத்தேன். வினிகர் கேன் கேனா வரும். ஒரு தடவ ரெண்டு கேன் வந்துச்சு, வழக்கமா செய்யுற மாதிரி பிஎச் பேப்பர், அதாவது ஆசிட் பட்டா கலர் மாறுற தாள், ரெண்டுலயும் நனைச்சுப் பாத்தாங்க, ரெண்டும் ஒரே ஆரஞ்சு சிவப்பு, சரி ஒரே சரக்குதான்னு ஸ்டோர்க்கு எடுத்துட்டுப் போக ரெடியாயிட்டாங்க. நான் டைட்ரேஷன், அதாவது ஆசிட் எவ்ளோ இருக்குன்னு அளக்குற சோதனை, பண்ணிட்டு அனுப்பலாம்னு நிறுத்தி வெச்சேன். பண்ணிப் பாத்தா ஒண்ணுல அசிட்டிக் ஆசிட் 4.5 சதவீதம், இன்னொண்ணுல 2.3 சதவீதம். அதாவது ரெண்டாவது கேன்ல கிட்டத்தட்ட பாதி தண்ணி. அந்த வினிகர்ல ஊறுகாய் போட்டிருந்தா பூஞ்சை பிடிச்சு பாட்டில் பாட்டிலா திரும்பி வந்திருக்கும்.

அன்னைக்கு எல்லாரும் கேட்ட கேள்வி, "பாதி தண்ணின்னா பேப்பர் ஏன் காட்டல?" இது நியாயமான கேள்வி. ஆனா ப்ளஸ் டூ ப்ராக்டிகல்ல டைட்ரேஷன் பண்ணி மார்க் வாங்கினவங்க நிறைய பேருக்குக்கூட இதுக்குப் பதில் தெரியல. பியூரெட் ரீடிங் எழுதத் தெரியும், வி1 என்1 சமம் வி2 என்2 ஃபார்முலா மனப்பாடமா தெரியும், ஆனா நாம எதை அளக்குறோம்ங்கிறது மட்டும் யாரும் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டாங்க. அதத்தான் இங்க முதல்லேர்ந்து எழுதுறேன்.

"ஸ்ட்ராங் ஆசிட்"னு சொல்றப்ப ரெண்டு விஷயம் கலந்து போகுது

ஆசிட் வீரியமா இருக்குன்னு பேச்சுல சொல்றோம்ல, அந்த ஒரு வார்த்தைக்குள்ள ரெண்டு வேற வேற சங்கதி இருக்கு. ஒண்ணு, ஒரு லிட்டர் தண்ணில எவ்ளோ ஆசிட் கரைஞ்சிருக்குங்கிறது. இதுக்குப் பேரு செறிவு. டீல எத்தன ஸ்பூன் சர்க்கரைங்கிற மாதிரிதான், அதுக்கு மேல ஒண்ணும் இல்ல. இன்னொண்ணு, கரைஞ்ச ஆசிட் மூலக்கூறுகள்ல எத்தன தன்னோட ஹைட்ரஜன் அயனிய தண்ணில கழட்டி விட்டிருக்குங்கிறது. ஹைட்ரஜன் அயனின்னா ஆசிட்டுக்கு ஆசிட் குணத்தக் கொடுக்குற அந்தத் துகள். ஹைட்ரோகுளோரிக் ஆசிட் மாதிரி வலிமையான ஆசிட் எல்லாத்தயும் உடனே கழட்டி விட்டுரும். வினிகர்ல இருக்குற அசிட்டிக் ஆசிட் அப்படி இல்ல, ரொம்ப இறுக்கமா பிடிச்சு வெச்சுக்கும், சாதாரண வினிகர்ல 200 மூலக்கூறுக்கு ஒண்ணுதான் கழட்டி விட்டிருக்கும், மீதி 199 உள்ளயே சும்மா இருக்கும்.

ஒரு டவுன் பஸ்ஸ யோசிங்க. படில தொங்குறவங்கள மட்டும் வெளிய நின்னு எண்ணினா பஸ்ல எத்தன பேர்னு சொல்ல முடியுமா? முடியாது. உள்ள 60 பேர் இருந்தாலும் படில நாலு பேர், உள்ள 30 பேர் இருந்தாலும் படில மூணு பேர்னு இருக்கலாம். பிஎச்ங்கிறது அந்தப் படிக்கட்டு எண்ணிக்கைதான். இந்த நிமிஷம் தண்ணில எவ்ளோ ஹைட்ரஜன் அயனி வெளிய திரியுதுன்னு சொல்ற ஒரு அளவு, எண் குறைய குறைய அயனி அதிகம், ஒரு எண் குறைஞ்சா அயனி பத்து மடங்கு கூடியிருக்குன்னு அர்த்தம்.

இப்ப அந்த ரெண்டு கேனுக்கு வருவோம். 4.5 சதவீத வினிகருக்கு கணக்குப் போட்டா பிஎச் 2.44 வரும். 2.3 சதவீதத்துக்கு 2.58. ஆசிட் பாதியா குறைஞ்சும் பிஎச் 0.14 தான் நகந்திருக்கு, கலர் பேப்பர்ல அந்த வித்தியாசத்த எந்தக் கண்ணும் பிடிக்காது. இன்னும் சொல்லப்போனா வினிகர்ல ஒன்பது பங்கு தண்ணி ஊத்திப் பத்து மடங்கு நீர்த்துப்போக வெச்சாலும் பிஎச் அரை எண்தான் ஏறும், ஏன்னா தண்ணி ஊத்த ஊத்த உள்ள சும்மா இருந்த மூலக்கூறுகள்ல கொஞ்சம் கொஞ்சமா படிக்கு வந்துரும்.

இதே பிஎச் 2.44 உள்ள ஹைட்ரோகுளோரிக் ஆசிட் கரைசல் ஒண்ணு செஞ்சு பக்கத்துல வெச்சா பேப்பர் ரெண்டயும் ஒண்ணுன்னுதான் சொல்லும். ஆனா அந்த வினிகர்ல இருக்குற ஆசிட்ட முழுசா தீர்க்க எவ்ளோ காரம் (ஆசிட்டுக்கு எதிரான பொருள், கீழ விளக்குறேன்) வேணுமோ அதுல 200ல ஒரு பங்குதான் இந்த ஹைட்ரோகுளோரிக் கரைசலுக்கு வேணும்.

இதுவரைக்கும் சொன்னது: பிஎச் படில நிக்கிறவங்கள காட்டும், செறிவு பஸ்ல இருக்குற எல்லாரையும் காட்டும். நமக்கு வேண்டியது ரெண்டாவது.

கண்டக்டர் எப்படி ஆள் எண்ணுவார்

பழைய டிக்கெட் கட்டு வெச்சிருந்த கண்டக்டர்கள பாத்திருப்பீங்க. அவர் ஒவ்வொரு தலையா எண்ண மாட்டார். கட்டுல முதல் டிக்கெட் நம்பர் என்னன்னு இன்வாய்ஸ்ல எழுதி வெச்சிருப்பார், ஒரு ஸ்டேஜ் முடிஞ்சதும் இப்ப எந்த நம்பர்ல நிக்குதுன்னு எழுதுவார், ரெண்டயும் கழிச்சா எத்தன பேர் ஏறினாங்கன்னு வந்துரும். ஆளுக்கு ஒரு டிக்கெட், அதனால கிழிச்ச டிக்கெட்டும் ஏறின ஆளும் சமம். இவ்ளோதான் டைட்ரேஷன்.

இங்க டிக்கெட் காரம். காரம்னா ஆசிட்டோட ஹைட்ரஜன் அயனிய பிடிச்சு தண்ணியாக்கிடுற பொருள், மிளகாய்க் காரத்துக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல. வினிகருக்கு நாம எடுக்குறது சோடியம் ஹைட்ராக்சைடு, காஸ்டிக் சோடான்னு கடைல சொல்றது. இதுல ஒரு அலகு அசிட்டிக் ஆசிட்ல ஒரு மூலக்கூறுக்கு சரியா போகும், ஒண்ணுக்கு ஒண்ணு. செறிவு தெரிஞ்ச காரத்த கொஞ்சம் கொஞ்சமா ஆசிட்ல விட்டுட்டே வந்து, ஆசிட் பூராவும் தீர்ந்த இடத்துல நிறுத்தி, எவ்ளோ காரம் செலவாச்சுன்னு பாத்தா ஆசிட் எவ்ளோ இருந்துச்சுன்னு தெரிஞ்சுரும்.

அப்ப அந்த உள்ள சும்மா இருக்குற 199 மூலக்கூறு? இதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம். படில நிக்கிறவனுக்கு டிக்கெட் கொடுத்து இறக்கிவிட்டா படி காலியாகும், உடனே உள்ள இருந்து இன்னொருத்தன் படிக்கு வருவான், அவனுக்கும் டிக்கெட், அடுத்தவன் வருவான். காரம் ஹைட்ரஜன் அயனிய எடுத்துட்டே இருக்க இருக்க அசிட்டிக் ஆசிட் புதுசா கழட்டி விட்டுட்டே இருக்கும், கடைசி மூலக்கூறு வரைக்கும். அதனால ஆசிட் வலிமையானதோ வலிமை குறைஞ்சதோ, டைட்ரேஷன்ல எல்லாம் எண்ணிக்கைக்கு வந்துரும். பேப்பர் காட்டாதத இது காட்டுறது இதனாலதான்.

சில ஆசிட்ல மூலக்கூறுக்கு ரெண்டு ஹைட்ரஜன் போகும். பேட்டரில இருக்குற சல்ஃபூரிக் ஆசிட் அப்படி, ஆக்சாலிக் ஆசிட்டும் அப்படி. அது ஒருத்தன் குழந்தையோட ஏறின மாதிரி, ரெண்டு டிக்கெட் கிழிக்கணும், கணக்குல அத மறந்தா விடை நேர் இரட்டிப்பா தப்பாகும்.

ஆள் தீர்ந்துருச்சுன்னு யார் சொல்றது

ஆசிட்டும் தண்ணி மாதிரி இருக்கு, காரமும் தண்ணி மாதிரி இருக்கு. எங்க நிறுத்துறது? இதுக்கு ஒரு சாட்சி வேணும். அதுதான் இண்டிகேட்டர், அதாவது பிஎச் மாறினா கலர் மாறுற ஒரு பொருள். இத நீங்க சின்ன வயசுலயே பாத்திருக்கீங்க. ஆரத்தி கரைக்கிறப்ப மஞ்சத் தண்ணில ஒரு துளி சுண்ணாம்பு போட்டதும் குப்புனு சிவப்பா மாறுதுல்ல, மஞ்சள் ஒரு இண்டிகேட்டர், சுண்ணாம்பு ஒரு காரம். லேப்ல மஞ்சளுக்குப் பதிலா பினாப்தலீன்னு ஒண்ணு ரெண்டு சொட்டு விடுவோம், அது ஆசிட்ல கலரே இல்லாம இருக்கும், பிஎச் 8.2 தாண்டினா ரோஸ் ஆக ஆரம்பிக்கும்.

இங்க நிறைய பேர் ஒரு இடத்துல தடுமாறுவாங்க. ஆசிட் தீர்ற இடம்னா ஆசிட்டும் இல்லாத காரமும் இல்லாத நடுநிலை, அதாவது பிஎச் 7 தானே, அப்புறம் ஏன் 8.2ல மாறுற இண்டிகேட்டர் எடுக்குறோம்னு. பிஎச் 7ங்கிறது வலிமையான ஆசிட்டும் வலிமையான காரமும் மோதுறப்ப மட்டும்தான். வினிகர்ல ஆசிட் பூரா தீர்ந்தப்புறம் மிஞ்சுறது சோடியம் அசிட்டேட்ங்கிற உப்பு, அந்த உப்புத் தண்ணியே லேசா காரத்தன்மை உள்ளது, நாம செய்யுற இந்த டைட்ரேஷன்ல அந்த இடம் பிஎச் 8.7 கிட்ட விழும். அதனாலதான் பினாப்தலீன் பொருத்தம். மெத்தில் ஆரஞ்சுன்னு இன்னொரு இண்டிகேட்டர் இருக்கு, அது 3.1லேர்ந்து 4.4க்குள்ளயே கலர் மாறிடும், வினிகருக்கு அத போட்டா ஆசிட்ல பாதி கூட தீராதப்பவே முடிஞ்சுருச்சுன்னு காட்டி ஏமாத்தும்.

ஆசிட்டும் காரமும் எண்ணிக்கைல சமமாகுற அந்த உண்மையான இடத்துக்கு சமநிலைப் புள்ளின்னு பேரு. நம்ம கண்ணுக்குக் கலர் மாறுற இடத்துக்கு எண்ட் பாயிண்ட்னு பேரு. ரெண்டும் ஒண்ணு இல்ல. இண்டிகேட்டர சரியா எடுத்தா ரெண்டும் ஒரு சொட்டுக்குள்ள வந்து சேரும், அவ்ளோதான்.

ஒரு சொட்டுக்குள்ள எப்படி வரும்னு கேட்டா நம்பர பாருங்க. 15 மில்லில முடியுற ஒரு டைட்ரேஷன் எடுத்துக்குவோம். 7 மில்லிலேர்ந்து 8 மில்லி வரைக்கும் ஒரு முழு மில்லி காரம் ஊத்தினாலும் பிஎச் 0.1 தான் நகரும். ஆனா 14.95ல 7.2 இருக்குறது 15.05ல 10.1க்குப் போயிரும், நடுவுல விழுந்தது ரெண்டே ரெண்டு சொட்டு. கடைசி ஆள் இருக்குற வரைக்கும் விழுற காரத்த எல்லாம் ஆசிட் விழுங்கிட்டே இருக்கு, ஆள் தீர்ந்ததும் அடுத்த சொட்டுக் காரத்துக்கு வாங்க ஆள் இல்ல, அது அப்படியே தண்ணில நிக்கும், கலர் தாவிரும். முதல் தடவ பண்றவங்க 13, 14 மில்லி வரைக்கும் ஒண்ணுமே ஆகலயேன்னு சலிச்சுப் போய் குழாய பெருசா திறந்து விட்டுருவாங்க, அப்பதான் தாண்டிப் போகும்.

நாம நிறுத்த வேண்டியது ரோஜாப்பூ கலர்ல இல்ல. வெள்ளைத் தாள் கீழ வெச்சுப் பாத்தாதான் தெரியுற மெல்லிசான ரோஸ், குலுக்கின அப்புறமும் ஒரு அரை நிமிஷம் நிக்கணும், அதுதான் எண்ட் பாயிண்ட். பளிச்சுனு ரோஸ் வந்தா அழகா இருக்கும், ஆனா ரீடிங் தப்பு. அப்புறம் கொஞ்ச நேரத்துல ரோஸ் மறையும், அதப் பாத்து இன்னும் ஒரு சொட்டு விடாதீங்க, காத்துல இருக்குற கார்பன் டை ஆக்சைடு கரைஞ்சு உள்ள போய் கலர அழிக்குது, வினிகர்ல பாக்கி ஆசிட் இருக்குன்னு அர்த்தம் இல்ல.

கண்ணாடிச் சாமான கழுவுறதுலயே கான்செப்ட் இருக்கு

பியூரெட்ங்கிறது கோடு போட்ட நீளக் குழாய், அடில திருகு இருக்கும், காரம் அதுல. பிப்பெட் ஒரே அளவு மட்டும் எடுக்குற குழாய், 20 மில்லின்னா எப்பவும் 20 மில்லி. கோனிக்கல் ஃப்ளாஸ்க் ஆசிட்ட வாங்கி வெச்சுக் குலுக்குற குடுவை. ரீடிங் பாக்குறப்ப கண்ணு திரவத்தோட மட்டத்துல இருக்கணும், வளைஞ்சு நிக்கிற பரப்போட அடி விளிம்ப பாக்கணும். இதெல்லாம் எல்லாருக்கும் தெரிஞ்சதுதான்.

தெரியாதது இது. பியூரெட்ட காரக் கரைசல்லயே ஒரு தடவ அலசணும், பிப்பெட்ட ஆசிட்லயே அலசணும், ஆனா ஃப்ளாஸ்க்க மட்டும் வெறும் டிஸ்டில்டு வாட்டர்ல அலசினா போதும், ஆசிட்ல அலசவே கூடாது. ஏன் இந்த பாரபட்சம்? லேப்ல சேர புதுசா வர்றவங்ககிட்ட நான் முதல்ல கேக்குற கேள்வி இதுதான், இதுக்குக் காரணம் சொல்லிட்டாங்கன்னா டைட்ரேஷன் புரிஞ்சுருச்சுன்னு அர்த்தம்.

பியூரெட்ல ஒட்டியிருக்குற தண்ணி காரத்த நீர்த்துப் போக வெக்கும், நாம 0.1 மோலார் (மோலார்ங்கிறது செறிவோட அளவு)னு நம்புற டிக்கெட் 0.1 இல்லாம போயிரும். பிப்பெட்லயும் அப்படித்தான், 20 மில்லி வினிகர் எடுக்குறதா நெனச்சு கொஞ்சம் தண்ணியும் சேத்து எடுப்போம். ஆனா ஃப்ளாஸ்க்குள்ள போனப்புறம் கதை வேற. அங்க எத்தன மூலக்கூறு விழுந்துச்சுங்கிறது முடிவாயிருச்சு. அதுக்கப்புறம் அதுல அரை டம்ளர் டிஸ்டில்டு வாட்டர் ஊத்தினாலும் ஆள் கூட மாட்டாங்க, குறைய மாட்டாங்க, சின்ன பஸ்ல இருந்த 30 பேர பெரிய பஸ்ல ஏத்தின மாதிரிதான், 30 டிக்கெட்தான் போகும். அதே ஃப்ளாஸ்க்க ஆசிட்ல அலசினா ஓரத்துல ஒட்டின ஆசிட் கணக்குல வராத ஆளா உள்ள ஏறி உக்காந்துக்கும்.

சுருக்கமா, ஃப்ளாஸ்க்ல நாம எண்ணுறது ஆள் எண்ணிக்கைய, நெரிசல இல்ல.

கணக்கு ஃபார்முலா இல்லாம

மூலக்கூறு கண்ணுக்குத் தெரியாத சைஸ், ஒண்ணு ஒண்ணா எண்ண முடியாது, அதனால வாழைப்பழத்த டஜன்ல எண்ணுற மாதிரி மோல்னு ஒரு பெரிய டஜன் வெச்சிருக்காங்க. அசிட்டிக் ஆசிட்ல ஒரு மோல் எடை 60 கிராம். ஒரு லிட்டர்ல ஒரு மோல் இருந்தா அது 1 மோலார் கரைசல்.

நான் அன்னைக்குப் பண்ணது இப்படித்தான். வினிகர நேரா எடுத்தா காரம் ரொம்ப செலவாகும், அதனால 10 மில்லி வினிகர 100 மில்லி ஸ்டாண்டர்டு ஃப்ளாஸ்க்ல விட்டு கோடு வரைக்கும் தண்ணி ஊத்தினேன், பத்து மடங்கு நீர்த்தாச்சு. அதுலேர்ந்து 20 மில்லி எடுத்து 0.1 மோலார் காரத்தோட பண்ணேன். முதல் கேனுக்கு 15.0 மில்லி செலவாச்சு.

ஒரு லிட்டர் காரத்துல 0.1 மோல்னா 15 மில்லில 0.0015 மோல். ஒண்ணுக்கு ஒண்ணு, அதனால 20 மில்லில இருந்த ஆசிட்டும் 0.0015 மோல். லிட்டருக்கு 50 மடங்கு, 0.075 மோல். பத்து மடங்கு நீர்த்தோம், அப்ப உண்மையான வினிகர்ல 0.75 மோல். ஒரு மோல் 60 கிராம், ஆக லிட்டருக்கு 45 கிராம், 100 மில்லிக்கு 4.5 கிராம், அதுதான் 4.5 சதவீதம். ரெண்டாவது கேனுக்கு 7.8 மில்லிதான் போச்சு, அதே வழில போட்டா 2.34. ஒரே ஒரு ரீடிங்க நம்பக் கூடாது, ரெண்டு மூணு தடவ பண்ணி ரீடிங் 0.1 மில்லிக்குள்ள ஒத்து வரணும், அன்னைக்கு நான் மூணு தடவ பண்ணிட்டுதான் மேனேஜர்கிட்ட போனேன், ஏன்னா ஒரு சப்ளையர் மேல பழி விழுற விஷயம் அது.

காரத்தோட செறிவு யார் சொன்னது

கவனமா படிச்சவங்க இங்க மடக்குவாங்க. ஆசிட்ட அளக்க 0.1 மோலார் காரம் எடுத்தோம், அது 0.1 தான்னு எப்படித் தெரியும்? நல்ல கேள்வி, காஸ்டிக் சோடா எடை போட லாயக்கில்லாத பொருள். பாட்டில திறந்து வெச்சா காத்துல இருக்குற ஈரத்தயும் கார்பன் டை ஆக்சைடையும் உறிஞ்சிக்கும், தராசுலயே எடை ஏறும், 4 கிராம் நிறுத்துப் போட்டாலும் அதுல காரம் எவ்ளோ, தண்ணி எவ்ளோன்னு சொல்ல முடியாது. அதனால நம்பி எடை போடக்கூடிய ஒரு பொருள் வேணும், சுத்தமா கிடைக்கணும், காத்துல மாறக்கூடாது. அதுக்கு முதன்மை நியமப் பொருள்னு பேரு. பள்ளிக்கூட லேப்ல அது ஆக்சாலிக் ஆசிட் படிகம், 6.3 கிராம் எடுத்து ஒரு லிட்டர் ஆக்கினா 0.05 மோலார், மூலக்கூறுக்கு ரெண்டு ஹைட்ரஜன், அதனால 0.1 மோலார் காரத்த மில்லிக்கு மில்லி சமன் பண்ணும். முதல்ல காரத்த இதோட டைட்ரேட் பண்ணி காரத்தோட உண்மையான செறிவ கண்டுபிடிச்சு வெச்சுட்டு, அப்புறம்தான் வினிகருக்கு வரணும். எங்க லேப்ல காரத்த வாரா வாரம் சரிபாப்போம், ஏன்னா மூடி வெச்சாலும் மெதுவா குறையும்.

டைட்ரேஷன்ங்கிற வார்த்தை பிரெஞ்சு மொழில டித்ர்ங்கிற சொல்லுலேர்ந்து வந்தது, தங்கம் வெள்ளில எவ்ளோ சுத்தம்ங்கிறதுக்கு அவங்க சொல்ற சொல். பத்தரை மாத்துத் தங்கம்னு நாம சொல்ற அந்த மாத்துதான் அது. தமிழ்நாட்டுப் பாடப்புத்தகத்துல தரம் பார்த்தல்னு போட்டிருக்கிறது அந்த அர்த்தத்துக்கு ரொம்பக் கிட்ட இருக்கு. இலங்கைல நியமிப்புன்னு படிப்பாங்க. ஆரம்பமும் வினிகர்தான், 1729ல பிரான்ஸ்ல ஜொஃப்ருவாங்கிறவர் வினிகர்ல பொட்டாசியம் கார்பனேட் பொடிய கொஞ்சம் கொஞ்சமா போட்டு நுரை பொங்குறது எப்ப நிக்குதோ அதுவரைக்கும் செலவான பொடிய வெச்சு வினிகரோட தரத்தச் சொன்னார். அவருக்கு நுரைதான் இண்டிகேட்டர். பிப்பெட், பியூரெட்ங்கிற பேரு 1824ல கேலூசாக்ங்கிற பிரெஞ்சு வேதியியலாளர் எழுதினதுலேர்ந்து பரவுச்சு.

வீட்லயே பண்ணிப் பாக்க

நிக்கிற இடத்துலேர்ந்தே இத செய்யலாம். வெத்தலைக்குப் போடுற சுண்ணாம்ப தண்ணில நல்லா கலக்கி ஒரு ராத்திரி மூடி வெச்சுட்டு, மேல தெளிஞ்ச தண்ணிய மட்டும் அசையாம எடுத்துக்குங்க, அது உங்க காரம். கண்ணுல படாம பாத்துக்குங்க, குழந்தைங்க பண்ணா பக்கத்துல இருங்க. ஒரு டம்ளர்ல 1 மில்லி வினிகர், கொஞ்சம் தண்ணி, ஒரு சிட்டிகை மஞ்சத்தூள். ஊசி இல்லாத சிரிஞ்சுல சுண்ணாம்புத் தண்ணிய எடுத்துச் சொட்டுச் சொட்டா விட்டுக் கலக்கிட்டே வாங்க. சொட்டு விழுற இடம் சிவந்து உடனே மஞ்சளாகும், அந்தச் சிவப்பு மறைய நேரம் எடுக்க ஆரம்பிச்சா கிட்ட வந்துட்டீங்க, மொத்தத் தண்ணியும் ஆரத்தி கலருக்கு மாறி நின்னா நிறுத்திடுங்க. நல்ல வினிகரா இருந்தா 17 மில்லி பக்கம் செலவாகும்.

சுண்ணாம்புத் தண்ணியோட சரியான செறிவு உங்களுக்குத் தெரியாது, அதனால சதவீதம் சொல்ல முடியாது. ஆனா அதே சுண்ணாம்புத் தண்ணில ரெண்டு கடை வினிகர ஒப்பிடலாம். ஒண்ணுக்கு 17 மில்லி, இன்னொண்ணுக்கு 9 மில்லின்னு வந்தா ரெண்டாவது பாட்டில்ல பாதி ஆசிட்தான் இருக்கு, ரெண்டு லேபிள்லயும் என்ன போட்டிருக்குன்னு அப்புறம் எடுத்துப் பாருங்க.